மூன்றாம் மாடிக் கொடியில் ஓர் அங்கி

செவ்வாய்க்கிழமை காலையில் பஷந்தி தொலைபேசியில் கூப்பிட்டான். அலெக்சாந்திரியாவில் என் தம்பி மகள் ஷுரூக் குடியிருக்கும் கட்டடத்தின் காவல்காரன் அவன். மூன்றாம் மாடியில் அவள் தனியாக இருக்கிறாள். வாடகை ஒப்பந்தத்தில் பொறுப்பாளர் என்ற இடத்தில் இருப்பது என் கையெழுத்து.

"ஹாஜியார், தப்பா எடுத்துக்கக் கூடாது. பத்திரத்துல உங்க பேரு இருக்கறதால சொல்றேன். பொண்ணு வீட்டுல ஆம்பள இருக்கான்."

"பாத்தியா?"

"ஆளப் பாக்கல. அங்கியப் பாத்தேன்."

அவன் தொடர்ந்தான்.

"கொடியில காயுது. மூணு மாசமா. கோடு போட்ட குளிர்கால ஆம்பள அங்கி, கணுக்கால் நீளத்துக்கு. அத வெச்சே ஆள் எப்படின்னு சொல்லிடலாம். நல்ல உசரம். உங்க உசரம் இருக்கும்னு வெச்சுக்கங்களேன். கொஞ்சம் தொப்பை. பந்தாட்டப் பைத்தியம் வேற. மேட்ச் நாள்ல டிவி சத்தம் தெருவுக்கே கேக்குது. பொண்ணு கதவத் தொறக்கறப்ப உள்ள பாத்து அவன்கிட்ட பேசறத என் பொண்டாட்டி கேட்டிருக்கா."

"என்ன பேசறா?"

"வார்த்தை பிடிபடலயாம். ஆனா மரியாதையாத்தான் பேசறாளாம். அதான் எங்களுக்கே குழப்பமா இருக்கு. மரியாதை குடுக்கறான்னா ஆளு கொஞ்சம் வயசானவனா இருக்கணும்."

வீட்டுச் சொந்தக்காரி தவ்லத் அம்மாள் வெள்ளிக்கிழமை மதியம் தானே மாடிக்குப் போய்க் கேட்கப்போகிறாள் என்றும், ஆண் இருப்பது உண்மையென்றால் அன்றைக்கே சாவியை வாங்கிவிடுவாள் என்றும் சொல்லிவிட்டுப் பஷந்தி வைத்துவிட்டான்.

முப்பத்தெட்டு வருடம் நான் ரயில் நிலையத்தில் வேலை பார்த்தேன். கடைசிப் பதினோரு வருடம் எங்கள் ஊரான தன்தா நிலையத்தின் அதிகாரி. என் நடைமேடையில் ஒருவரும் என்னைப் பார்த்துக் குரலை உயர்த்தியதில்லை. எங்கள் தெருவில் எங்கள் வீட்டுப் பெண்களைப் பற்றி ஒரு சொல் எழுந்ததில்லை. இப்போது ஒரு காவல்காரன் என்னிடம் தொப்பையின் அளவு சொல்கிறான்.

என் மனைவி இன்ஸாஃபிடம் சொன்னேன். அவள் பூசணிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"என்ன கலர் அங்கியாம்?"

"கலரா முக்கியம்?"

"கேட்டேன், அவ்வளவுதான். கோடு போட்டதுன்னா பழுப்புக் கோடா, நீலக் கோடா?"

"இன்ஸாஃப்!"

"நீங்க போக வேணாம். உங்க முட்டி இந்தக் குளிருக்கு ஆகாது. நான் போன் பண்ணிக் கேக்கறேன்."

எங்கேயாவது போகவேண்டுமென்றால் ஒரு மணி நேரம் முன்பே என்னை வாசலுக்குத் தள்ளுகிறவள் அவள். அன்று என் முட்டியின் மேல் அவளுக்கு வந்த அக்கறையை நான் அப்போது யோசித்துப் பார்க்கவில்லை. யாரும் அந்தப் பெண்ணுக்கு முன்கூட்டித் தகவல் சொல்லக்கூடாது என்று உத்தரவு போட்டேன். வெள்ளிக்கிழமைக்குப் பயணச்சீட்டு எடுத்தேன். ஒன்று போக. இரண்டு திரும்பி வர.

ஷுரூக்குக்கு இருபத்தேழு வயது. என் தம்பி லுத்ஃபி இறந்தபோது பத்தொன்பது. அவள் அம்மா இரண்டு வருடத்தில் மறுமணம் செய்துகொண்டு போர்ட் சயீத் போய்விட்டாள். அலெக்சாந்திரியாவில் கப்பல் மின்வேலை பார்க்கிற ஒரு பையனுக்கு ஷுரூக்கை நிச்சயம் செய்தோம். கல்யாணத்துக்குப் பிறகு வசதியாக இருக்குமென்று அவள் அந்த ஊரிலேயே ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்க்கிற வேலை. பையன் வளைகுடாவுக்குப் போனான். இரண்டு வருடம் தொலைபேசியிலேயே பேசினான். ஒருநாள் தொலைபேசியிலேயே முடித்துக்கொண்டான். நகையைத் திருப்பிக் கொடுத்தோம். பெண் மட்டும் திரும்பி வரவில்லை. வேலை பிடித்திருக்கிறது என்றாள். நான்கு மாதம் இன்ஸாஃப் என் தலையைத் தின்ற பிறகுதான் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்குள் ஆண்கள் வரக்கூடாது என்பது அதில் ஏழாவது விதி. அதை நானே இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டினேன்.

தன்தாவில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவர் அவளைக் கேட்டிருந்தார். மனைவியை இழந்தவர், நாற்பத்தொரு வயது, இரண்டு பிள்ளைகள். இதுவரை நான் பதில் சொல்லவில்லை. பஷந்தி சொன்னது உண்மையானால் அன்று மாலை ரயிலில் ஷுரூக் என்னோடு வருவாள், மறுநாள் அவருக்குப் பதில் போகும். இப்படித்தான் முடிவு செய்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை தொழுகையை அவள் தெருமுனைப் பள்ளிவாசலில் முடித்துக்கொண்டு நடந்தேன். கடலிலிருந்து வந்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. என் கண்ணாடியின் இடது கால் ஒரு மாதமாகத் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. வில்லையில் மழைத்துளி வேறு. நிமிர்ந்து பார்த்தபோது மூன்றாம் மாடியில் கோடு போட்ட ஏதோ ஒன்று கைகளைத் தொங்கவிட்டு நீர் சொட்டிக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது.

பஷந்தி நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"அதான் ஹாஜியார். மழையிலகூட எடுக்கறதில்ல. என் அங்கி மழையில கெடந்தா என் பொண்டாட்டி சும்மா இருப்பாளா? கட்டின பொண்டாட்டின்னா எடுத்து வெச்சிருப்பா."

நான் படியேறினேன்.

கதவுக்குப் பின்னால் பந்தாட்ட வர்ணனை அலறிக்கொண்டிருந்தது. தட்டினேன். உள்ளே ஷுரூக் யாரிடமோ ஏதோ சொல்வது கேட்டது. அந்த இரைச்சலில் சொல் புரியவில்லை. ஆனால் அவள் தனக்குத்தானே பேசவில்லை. ஓர் ஆளிடம் பேசினாள்.

கதவு திறந்தது. ஒரு காலில் பச்சைக் காலுறை, இன்னொன்றில் சாம்பல் நிறம். தலையில் பழைய பனியன் ஒன்றை ஈரத்துக்குச் சுற்றியிருந்தாள்.

"பெரியப்பா! என்ன திடீர்னு? பெரியம்மா நல்லா இருக்காங்கள்ல?"

நான் சலாம் சொன்னேன். பிறகு அவளைக் கடந்து நேராக உள்ளே போனேன்.

சமையலறையில் பருப்பு அடிப்பிடித்த நாற்றம். கழுவாத ஒரு பாத்திரம், ஒரு தம்ளர், ஒரு கரண்டி. குளியலறையில் ஒரு பல்துலக்கி. படுக்கையறையில் பெரிய கட்டில். நிச்சயம் செய்த காலத்தில் நாங்கள் வாங்கிக் கொடுத்தது. அதன் ஒரு பாதியில் ஆள் படுத்து எழுந்த குழிவு. மறுபாதியில் மடிக்காத துணிகள், ரொட்டிப் பை, பாதி படித்த புத்தகங்கள், மருந்து அட்டை. அந்தக் குவியல் இன்றோ நேற்றோ வந்ததில்லை. அந்தப் பக்கத்தில் எவரும் படுத்திருக்க முடியாது. இருந்தும் அலமாரியைத் திறந்து பார்த்தேன். பார்த்தேன் என்பதை மறைக்கமாட்டேன்.

ஷுரூக் அறை வாசலில் கைகட்டி நின்றாள்.

"கட்டிலுக்கு அடியிலயும் பாத்துடுங்க பெரியப்பா. அம்மா அனுப்பின டின்னர் செட்டு இருக்கு. பன்னெண்டு பேருக்கு."

குனிந்து பார்த்தேன். அட்டைப்பெட்டிகள்தான் இருந்தன. அவள் அம்மா கல்யாணத்துக்கென்று வருடக்கணக்காகச் சேர்த்த தட்டுகள், துண்டுகள், படுக்கை விரிப்புகள். ஒட்டிய நாடாகூடப் பிரியவில்லை.

"தொலைக்காட்சிய நிறுத்து."

நிறுத்தினாள். வீடு சட்டென்று பெரிதாகிவிட்டது போல இருந்தது.

"கொடியில தொங்கறது யாருது?"

"யாரு சொன்னா? பஷந்தியா?"

"கேட்டதுக்குப் பதில்."

பால்கனிக்குப் போய்க் கயிற்றை இழுத்தாள். கப்பி கிறீச்சிட்டது. ஈர அங்கியைச் சுருட்டிக் கொண்டுவந்து மேசையின் மேல் விரித்தாள். பழுப்புக் கோடு. மார்பில் பை. பை வலப்பக்கம் இருந்தது.

நான் இடதுகைக்காரன். என் தையற்காரர் முப்பது வருடமாக எனக்கு மட்டும்தான் வலப்பக்கம் பை வைக்கிறார். ஒவ்வொரு முறையும், "ஊர்ல ஒரே ஆள் நீங்கதான்" என்பார். இடது கைமுனையில் அடுப்புக் கங்கு பட்ட பொத்தலும் இருந்தது. இந்த அங்கியைப் போன ரமலானில் பள்ளிவாசலுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டதாக இன்ஸாஃப் என்னிடம் சொல்லியிருந்தாள்.

மூன்று நாளாக நான் வெட்டிப்போடத் தேடி வந்த ஆள் நான்.

உட்கார்ந்தேன்.

"பெரியம்மாவத் திட்டாதீங்க. நான்தான் கேட்டேன். அப்பாவோட துணி எல்லாம் அம்மா குடுத்துட்டாங்க. கடையில புதுசா வாங்கினா யாரு பொண்ணுக்கு விப்பான், ஆயிரம் கேள்வி. கண்ணாடியக் குடுங்க."

"எதுக்கு?"

"கால் ஆடுது. எப்ப விழும்னு தெரியல. குடுங்க."

கழற்றிக் கொடுத்தேன். கைப்பையிலிருந்து ஊசி போன்ற ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்ணாடி இல்லாமல் எனக்கு நான்கு அடிக்கு அப்பால் முகங்கள் கிடையாது. வெளிச்சத்துக்கு முன் ஒரு நிழல் குனிந்திருந்தது. அந்த நிழல்தான் பேசியது.

"வந்த மொத மாசம் அஞ்சாம் மாடிக்காரர் சர்க்கரை கேட்டு வந்தாரு. நாலு தடவை. அவருக்கு சர்க்கரை வியாதின்னு அவரு சம்சாரமே சொன்னாங்க. கேஸ் சிலிண்டர் கொண்டாந்த ஆளு, 'வீட்டுல யாரும் இல்லையா?'ன்னு கேட்டுட்டு உள்ள எட்டிப் பாத்தான். நான் சும்மா உள்ள திரும்பி, 'பெரியப்பா, கேஸ் வந்திருக்கு'ன்னு கத்தினேன். சிலிண்டர வெச்சுட்டு ஓடிட்டான்."

"ஏன் பெரியப்பான்னு கூப்பிட்டே?"

"அப்பான்னு கூப்பிட வாய் வரல."

திருகாணியை அவள் எதன் மேலோ தேடும் சத்தம் கேட்டது.

"அப்புறம் கூப்பிட்ட ஆளுக்கு உடுப்பு வேணும்ல. கொடியில போட்டேன். உடுப்பு இருந்தா சத்தம் வேணும்ல. மேட்ச் வெச்சேன். இப்ப எல்லா அணியிலயும் யாருக்கு முட்டி வலி, யாரு யாருக்குப் பந்து குடுக்க மாட்டான், எல்லாம் தெரியும். போன வாரம் கோல் விழுந்தப்ப எந்திரிச்சு நின்னு கத்திட்டேன். கத்தி முடிச்சதும் பாத்தா நான் மட்டும்தான் நின்னுட்டிருக்கேன்."

சிரித்தாள் என்று நினைக்கிறேன். முகம் தெரியவில்லை.

"தன்தாவுக்கு வந்துடு. இவ்வளவு கஷ்டம் எதுக்கு?"

"வேணாம் பெரியப்பா."

"ஏன்?"

"அங்க வந்தா காலையில எந்திரிச்சதுலேந்து எல்லாரும் என்னையே பாவமாப் பாப்பாங்க. நான் இன்னொரு ரொட்டி எடுத்தாக்கூட, 'சாப்பிடட்டும், பாவம்'பாங்க. இங்க வேலை நல்லா இருக்கு. முதலாளி என்கிட்டதான் கஷ்டமான வில்லையெல்லாம் குடுக்கறாரு. சாயங்காலம் கதவத் தொறந்து உள்ள வந்தா… அதுதான். அந்த ஒரு நிமிஷம்தான். அதுக்கப்புறம் பழகிடும்."

"என்ன நிமிஷம்?"

அவள் பதில் சொல்வதற்குள் அழைப்பு மணி அடித்தது.

ஷுரூக் எழுந்தாள். எழுந்தபடியே, நான் உட்கார்ந்திருந்த பக்கம் அல்ல, படுக்கையறைப் பக்கம் முகத்தைத் திருப்பி உரக்கச் சொன்னாள்:

"பெரியப்பா, யாரோ வந்திருக்காங்க! நீங்க படுத்துக்கங்க, நான் பாக்கறேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்கும். அந்த நிழல் அப்படியே நின்றது. அந்தக் காலியான அறையைப் பார்த்து எத்தனை பழக்கமாக, எத்தனை இயல்பாகக் கூப்பிட்டாள். என் சொந்த மகன்கள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

நடைமேடையின் மறுகோடிக்குக் கேட்கும் குரல் எனக்கு இன்னும் இருக்கிறது. அந்தக் குரலில் சொன்னேன்:

"யாரு அது? நில்லு, நானே வர்றேன்!"

திருப்புளி தரையில் விழுந்து உருண்டது. அவள் அதை எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பி நின்றாள். மணி மறுபடி அடித்தது.

"கண்ணாடியக் குடும்மா" என்றேன்.

கொடுத்தாள். நான் மாட்டிக்கொள்வதற்குள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

கதவைத் திறந்தேன். தவ்லத் அம்மாள் வீட்டுச் செருப்போடு, மூச்சிரைக்க நின்றாள். அவளுக்குப் பின்னால் இரண்டு படி கீழே பஷந்தி.

"நீங்க வந்திருக்கறதா சொன்னாங்க, ஹாஜியார். நல்லதாப் போச்சு. உங்க எதிர்லயே கேட்டுடறேன். இந்த வீட்டுல ஆம்பள இருக்காரா, இல்லையா?"

"இருக்கார். உங்க எதிர்ல நிக்கறார்."

"நீங்க இன்னிக்கு வந்தீங்க. கொடியில மூணு மாசமா ஒரு அங்கி தொங்குதே?"

அங்கியை மேசையிலிருந்து எடுத்து வந்து என் மார்பின் மேல் வைத்துக் காட்டினேன். ஈரம் சட்டைக்குள் இறங்கியது. நீளம் சரியாகக் கணுக்காலில் நின்றது. பையை இடது கையால் தட்டினேன்.

"பை எந்தப் பக்கம் இருக்கு பாருங்க. இடதுகைக்காரன் அங்கி. இந்தக் கட்டடத்துல வேற இடதுகைக்காரன் இருந்தா கூட்டிட்டு வாங்க."

அவள் பையைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.

"அப்போ நீங்க அடிக்கடி வருவீங்களா?"

ரயில்வே பதிவேட்டில் முப்பத்தெட்டு வருடம் ஒரு நிமிடத்தைக்கூட மாற்றி எழுதாதவன் நான். என் தாமதத்துக்கு என் மேலேயே குறிப்பு எழுதியவன்.

"வெள்ளிக்கிழமை தோறும் வருவேன்" என்றேன்.

பஷந்தி எட்டிப் பார்த்தான். "நான் ஒரு தடவைகூடப் பாக்கலயே, ஹாஜியார்?"

"வெள்ளிக்கிழமை மதியம் நீ எங்க இருப்பே?"

"தொழுகைக்குப் போயிருப்பேன்."

"அப்புறம் எப்படிப் பாப்பே? இல்ல, தொழுகைக்குப் போறதில்லையா?"

"ஐயோ, போகாம இருப்பனா!"

தவ்லத் அம்மாளுக்கு இன்னும் முழுதாக மனம் ஒப்பவில்லை. திரும்பும்போது சொன்னாள்: "ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. ஒரே அங்கியத்தான் பொண்ணு திரும்பத் திரும்பத் தோய்க்கறா. பாக்கறவங்களுக்கு சந்தேகம் வராதா?"

"இன்னொண்ணு கொண்டுவர்றேன்" என்றேன், முதுகை நிமிர்த்தி.

கதவைச் சாத்தினேன். வீடு போகவில்லை. என் பெயரும் போகவில்லை. ஆனால் வரும்போது இருந்த கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கூடத்தில் நின்றேன்.

ஷுரூக் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். சாப்பாடு போட்டாள். அடிப்பிடித்த பருப்பின் மேல் பகுதியை எனக்குத் தட்டில் வைத்தாள். விளிம்பு உடைந்த தட்டு. அந்த வீட்டில் பெட்டிக்கு வெளியே இருந்த தட்டு அந்த ஒன்றுதான். தனக்குப் பானை மூடியைக் கவிழ்த்து அதில் போட்டுக்கொண்டாள். கட்டிலுக்கு அடியில் பன்னிரண்டு பேருக்கான தட்டுகள் இருந்தன. அவை கல்யாணத்துக்கு எடுத்து வைத்தவை. பிரிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

"உக்காந்து சாப்பிடு."

"பழக்கமில்ல பெரியப்பா. நின்னுட்டே முடிச்சுடுவேன்."

"உக்காரு."

உட்கார்ந்தாள். மூன்று நிமிடத்தில் சாப்பிட்டு முடித்துவிட்டாள். பிறகு நான் மெல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெஜமாவே வெள்ளிக்கிழமை வருவீங்களா?" என்றாள்.

"சொல்லியாச்சு இல்ல."

"அவங்ககிட்டதானே சொன்னீங்க. முட்டி வலிக்கும். வேணாம். அங்கி போதும்."

மருந்துக்கடைக்காரர் பேச்சை எடுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மேசையில் விரிந்து கிடந்த அங்கியைப் பார்த்தேன். எடுக்கவில்லை.

மாலை ரயிலுக்கு நேரமாயிற்று. நிலையத்துக்குப் போனதும் இரண்டு சீட்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டு அடுத்த வெள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டபடி படியிறங்கினேன். பஷந்தியின் நாற்காலி காலியாக இருந்தது. யாருக்கோ காய்கறி வாங்கப் போயிருப்பான். தெருவைக் கடந்து எதிர்ப்புறம் போய் நின்று திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி இப்போது ஆடவில்லை. அவள் வில்லைகளையும் துடைத்திருக்கிறாள். மூன்றாம் மாடி முழுதும் துலக்கமாகத் தெரிந்தது.

அவள் பால்கனியில் அங்கியை மறுபடி கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் முனை திரும்பிப் போயிருப்பேன் என்று நினைத்திருக்க வேண்டும். கயிற்றைத் தள்ளிவிட்டு, உள்பக்கம் முகத்தைத் திருப்பி, தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கும்படி கூப்பிட்டாள்:

"பெரியப்பா, டீ ஆறிடப் போகுது. எழுந்திரிங்க!"

நான் கீழே நின்றேன். பதில் சொல்ல முடியாது. சொன்னால் வீட்டுக்குள் ஆள் இல்லை என்பது தெருவுக்கே தெரிந்துவிடும்.

அவள் கையில் ஒரு துணிக்கவ்வி இருந்தது. அதை மாட்டாமல், முகத்தை அறையின் பக்கமே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு மாட்டினாள்.